முதல் வேலைக்குச் சென்னை வருகிறீர்களா? தேவனை முதலில் வைத்து மாதத்தை ஒழுங்குபடுத்தும் வழி

"நீங்க எந்தச் சபை தம்பி?"

2023 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆயர் (சபைப் போதகர்) என்னிடம் இப்படிக் கேட்டார். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு சான்றிதழ் விஷயமாக அவரைப் பார்க்கப் போயிருந்தேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம் பக்கம் பிறந்து, கோயில் மணிச் சத்தத்தில் எழுந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கி வளர்ந்தவன் நான். 2018ல் வேலைக்குச் சென்னை வந்தேன். ஐந்து வருடத்தில் ஒருநாளும் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாளாகியது, ஜெபம் தூக்கம் வரும்வரை என்றாகியது, காணிக்கை ஊருக்குப் போகும்போது மட்டும் என்றாகியது. ஊரில் என்னைத் தாங்கியது ஊரின் ஒழுங்கு. இங்கே அந்த ஒழுங்கை நானேதான் கட்ட வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்று 1 கொரிந்தியர் 10:31 சொல்கிறது. நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம். அது நாட்காட்டியிலும் வங்கிக் கணக்கிலும் இறங்காதவரை வெறும் மனப்பாடம்தான். எனக்கு ஐந்து வருடம் பிடித்த பாடம் உங்களுக்கு ஐந்து வாரத்தில் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரன், அந்த வழக்கத்தில்தான் சொல்கிறேன். வேறு சபை என்றால் தாள்களின் பெயர் மாறும், முறை பெரிதாக மாறாது.

1. கிளம்புமுன் வாங்க வேண்டிய தாள்கள்

ஊரில் சேகர குருவானவரிடம் (ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஆயரிடம்) மூன்று தாள்கள் வாங்குங்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், சபை மாற்றுக் கடிதம். முதல் இரண்டும் சபைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவது. மூன்றாவது, "இவர் எங்கள் சபையில் இருந்தவர், உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளவும்" என்று புதுச் சபையின் ஆயருக்கு எழுதும் கடிதம். நாம் கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

நேரம்: பதிவேடு கையில் இருந்தால் ஒரே நாள். பழைய பதிவேடு தலைமைச் சபையில் இருந்தால், அல்லது குருவானவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தால், இரண்டு வாரம்கூட ஆகும். கிளம்பும் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

செலவு: சான்றிதழுக்கு வாங்குவது சிறு தொகைதான். சபை உறுப்பினர் கட்டும் சங்கக் காணிக்கையில் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். எனக்கு ஐந்து வருடப் பாக்கி இருந்தது. கொடுத்தபோது கணக்குப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் ரசீது எழுதினார். அந்த மௌனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கவனம்: பதிவேட்டில் உள்ள பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் சேர்த்த பெயர் ஒன்று என்று பலருக்கு உண்டு. வேறுபாடு இருந்தால் "இருவரும் ஒருவரே" என்று ஆயரிடம் அப்போதே எழுதி வாங்குங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதற்காகத் தூத்துக்குடி ரயிலில் காத்திருப்புப் பட்டியலில் உட்கார்ந்து போகாதீர்கள்.

2. ஒரு வாரம் கணக்கெடுங்கள்

நோக்கத்தை எழுதுமுன், இப்போது எதற்காக வாழ்கிறோம் என்று பாருங்கள். அது மனசில் தெரியாது, இரண்டு இடத்தில் தெரியும். போன் செட்டிங்ஸில் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று இருக்கும். பண ஆப்பில் யாருக்கு எவ்வளவு போனது என்று இருக்கும். ஏழு நாள் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏதும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். என் முதல் வாரத்தில் போன் 31 மணி நேரம் வந்தது. வேதம் வாசித்தது 20 நிமிடம்.

எட்டாம் நாள் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே வசனம். கீழே நான்கு வரி: காலை, சபை, பணம், வேலை. ஒவ்வொன்றிலும் இந்த மாதம் தேவனைக் கனப்படுத்த நான் செய்யப்போகும் ஒரே ஒரு காரியம். "நல்ல கிறிஸ்தவனாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள்; செய்தோமா இல்லையா என்று அதைச் சரிபார்க்க முடியாது. "திங்கள் முதல் வெள்ளி வரை 5.45க்கு எழுவேன்" என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நிறையப் பேர் "என்னைக் குறித்த தேவ சித்தம் இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் ஆரம்பிக்கிறேன்" என்று காத்திருக்கிறார்கள். நானும் காத்திருந்தேன். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வந்தால்தான் வாழ்க்கைக்கு நோக்கம் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். பவுல் அந்த வசனத்தில் புசிப்பதையும் குடிப்பதையும்தான் முதலில் சொல்கிறார். இன்றைய சாப்பாடு, இன்றைய வேலை. அதற்குத் தனி வெளிப்பாடு தேவையில்லை.

3. காலை நேரம்

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரம் 23, ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நம் சபைகளில் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஜனவரி 1ல் ஆதியாகமத்தில் தொடங்கினால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. நான்கு வாரத்தில் லேவியராகமத்துக்கு வந்துவிடுவீர்கள். பலர் அங்கேதான் நிற்கிறார்கள். ஒருநாள் விட்டால் மறுநாள் ஆறு அதிகாரம், இரண்டு நாள் விட்டால் ஒன்பது. பாரம் ஏறியதும் புத்தகம் மூடிவிடும்.

மாற்கில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம், 16 நாள். பிறகு யோவான், 21 நாள். அதற்குப் பிறகு தேதிப்படி நீதிமொழிகள், 31 அதிகாரம், ஒரு மாதம். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம். கை பழகியபின் ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம்.

அச்சுப் புத்தகம் வாங்குங்கள். இந்திய வேதாகமச் சங்கத்தின் சாதாரணப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆப் இலவசம்தான். ஆனால் காலையில் போனை எடுத்தால் அலுவலக வாட்ஸ்அப் முதலில் நிற்கும்.

பிஜி விடுதியில் நான்கு பேர் படுக்கும் அறையில் எங்கே ஜெபிப்பது என்று கேட்பீர்கள். நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தேன், மழைக்காலத்தில் மாடிப்படியில். இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35ல் வாசித்தபோது, அவருக்கும் தனி அறை இருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் பட்டது. இரவு ஷிப்ட் ஆட்கள் "காலை" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குற்ற உணர்வில் தவிக்க வேண்டாம். தூங்கி எழுந்ததும் முதல் அரை மணி நேரம், அது மாலை நான்கு மணியானாலும் சரி.

4. சபையைத் தேர்ந்தெடுக்க நான்கு வாரம்

இதை வந்த முதல் மாதமே முடியுங்கள். தள்ளிப்போட்டால் என்னைப்போல் ஐந்து வருடம் போகும்.

தங்கும் இடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சபைகளில் இரண்டு மூன்றைப் பாருங்கள். நான்காவது ஞாயிறு ஒன்றை முடிவு செய்து, மாற்றுக் கடிதத்தை ஆயர் கையில் கொடுத்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை: வசனம் வசனமாக விளக்கிப் பிரசங்கிக்கிறார்களா, கணக்கைச் சபைக்கு முன் வாசிக்கிறார்களா, புதிதாக வந்தவரை யாராவது பேர் கேட்கிறார்களா. பாட்டு, ஏசி, கூட்டம் எல்லாம் அதற்குப் பின். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) தங்கிக்கொண்டு, நல்ல பாடகர்குழு என்பதற்காக வாராவாரம் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்யும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் அவர்கள் எங்கும் போவதில்லை.

யூடியூப் ஆராதனை நோயாளிக்கு வரம். நடக்கக் கால் உள்ளவனுக்கு அது பழக்கமானால், அவன் காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொண்டுவர ஆள் இருக்காது.

சனிக்கிழமை இரவே சட்டையை இஸ்திரி போட்டு, காணிக்கையைக் கவரில் வைத்துவிட்டுப் படுங்கள்.

5. சம்பளம் வந்த நாளில்

அம்மா சோறு பொங்க அரிசி எடுத்தால், உலையில் போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் டப்பா கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் அவள் கை கொஞ்சம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன், டப்பாவைத் தாண்டிப் போனதைப் பார்த்ததில்லை. சோறு மிஞ்சினால் கொடுப்போம் என்று அவள் ஒருநாளும் இருக்கவில்லை. "உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" என்ற நீதிமொழிகள் 3:9ஐ நான் முதலில் படித்தது அந்த டப்பாவில்தான். சென்னையில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். எல்லாம் செலவழித்து மிஞ்சினால் கொடுப்பேன் என்று இருந்தேன். ஒரு மாதமும் மிஞ்சவில்லை.

கைக்கு 24,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என் பங்கீடு இப்படி இருக்கும்:

தசமபாகம் 2,400
அம்மா அப்பாவுக்கு 6,000
பிஜி, சாப்பாடு சேர்த்து 7,500
பஸ், ரயில் 1,500
போன் 400
சேமிப்பு 3,000

மொத்தம் 20,800. மீதி 3,200 மற்ற செலவுக்கு. முதல் மூன்றையும் சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா, மொத்தச் சம்பளத்திலா என்று கேட்பவர்கள் உண்டு. கைக்கு வருவதில் ஆரம்பியுங்கள். "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்கிறது 2 கொரிந்தியர் 9:7. படிப்புக் கடன் கழுத்தை நெரித்தால் குறைவாகத் தொடங்கி உயர்த்துங்கள். ஆனால் முதலில் எடுத்து வையுங்கள். முதல் சம்பளத்தை முழுசாகக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. செய்ய முடிந்தால் நல்லது. கடன் வாங்கி அந்த மாதத்தை ஓட்ட வேண்டியிருந்தால் வேண்டாம்.

மூன்று குழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, "ஆயிரம் விதைத்தால் பத்தாயிரம் அறுப்பாய்" என்று டிவியில் கணக்கு எண் காட்டுகிறவர்கள். அது காணிக்கை அல்ல, சீட்டு. என் அறைத்தோழன் வேலை போன மாதத்தில் கையிலிருந்த 5,000ஐ அப்படி அனுப்பினான். வேலை வராததற்கு அவன் விசுவாசம்தான் குறை என்று போனில் சொன்னார்கள். அதைக் கேட்டு அவன் அழுதது எனக்கு ஆறவில்லை.

இரண்டு, கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோரைப் பட்டினி போடுவது. தேவனுக்குக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7ல் கண்டித்தார். அதனால்தான் என் பட்டியலில் இரண்டாவது வரி அம்மா அப்பா.

மூன்று, வரிவிலக்கை நம்பிக் கொடுப்பது. நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை புதிய வரி முறையில் கிடைக்காது. பழைய முறையிலும் அதற்கென்று பதிவு பெற்ற அமைப்புகளுக்குத்தான், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. சபைக் காணிக்கையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். மிஷனரிகளுக்கு மாதாமாதம் அனுப்ப விரும்பினால், 1903 முதல் நடக்கும் நம் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் போல, வருடக் கணக்கை வெளியிடும் அமைப்பைப் பாருங்கள்.

6. அலுவலகத்திலும் வரிக் கணக்கிலும்

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23-24 அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு எழுதப்பட்டது. மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட, சொன்ன தேதியில் வேலையை முடிப்பது பெரிய சாட்சி.

வேலை தேடும்போதே சோதனை வந்துவிடும். "இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் வேலை போகும். மாட்டாவிட்டால் தினமும் அந்தப் பொய்மேல் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். "வேலைக்காக ஜெபியுங்கள்" என்று சபையில் சொல்லிவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

என் பொய் வேறு. 2021ல் சித்தப்பா வீட்டில் வாடகை இல்லாமல் தங்கியிருந்தேன். வாடகை கொடுத்ததாகச் சித்தப்பாவிடம் ரசீதில் கையெழுத்து வாங்கி, 60,000 ரூபாயை வாடகைப் படி (எச்ஆர்ஏ) வரி விலக்காகக் காட்டினேன். அலுவலகத்தில் எல்லோரும் செய்தார்கள். 2023ல் மனசு திரும்பியபோது இதுதான் உறுத்தியது. ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டேன். அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது ஐடிஆர்-யூ, என்று ஒரு வழி இருக்கிறது என்றார். குறைத்துக் கட்டிய வரியை நாமே முன்வந்து கட்டுவது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாதத்தில் 50 சதவீதம். 2025ல் இந்தக் கெடுவை 48 மாதம் வரை நீட்டினார்கள். தள்ளத் தள்ளக் கூடுதல் ஏறி, 70 சதவீதம் வரை போகும்.

எனக்கு வரி 12,480. வட்டியும் கூடுதலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 17,800. ஆடிட்டர் கட்டணம் தனி. ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான், வரி வசூலித்த சகேயு. அதை நினைத்தால் என்னுடையது மிகச் சிறிய தொகை. செலானைப் பிரிண்ட் எடுத்து அந்த ஒரு பக்கத் தாளோடு வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் போய், உங்களையும் பொய்யில் இழுத்ததற்கு மன்னியுங்கள் என்று சொன்னதுதான் பணம் கட்டியதைவிடக் கடினம்.

7. கேள்வி கேட்க ஒருவர்

தனியாக எடுத்த தீர்மானம் ஆறு வாரம் தாங்கும். சபையில் மூத்தவர் ஒருவரிடம் போய், "வாரம் ஒருமுறை என்னைக் கேளுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். நண்பன் வேண்டாம், அவன் விட்டுக்கொடுப்பான். பிரசங்கம் செய்கிறவரும் வேண்டாம். எனக்கு அமைந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கூப்பிடுவார். மூன்றே கேள்வி.

"தம்பி, அம்மாட்ட எப்ப பேசின?"

"காலைல என்ன வாசிச்ச?"

"யாருக்காவது பாக்கி இருக்கா? பணமோ, மன்னிப்போ?"

பத்து நிமிடம்தான். மூன்றாவது கேள்விக்கு "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு, வைத்தபின் மறுபடி கூப்பிட்ட நாட்கள் உண்டு.

அந்த ஒரு பக்கத் தாளை வருடம் ஒருமுறை மாற்றி எழுதுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் அதற்கு நேரம் கிடைக்கும். அன்று கையில் வரும், புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஜோசியச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

8. கல்யாணப் பேச்சு வருமுன்

இதை ஏன் இங்கே சேர்க்கிறேன் என்றால், எல்லா ஒழுங்கும் இங்கேதான் உடைகிறது. ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்து, "எத்தனை பவுன் போடுவீங்க" என்று ஆரம்பிக்கும் வீடுகள் நம் சபைகளில்தான் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்தது ஐந்து வருடச் சிறை. சட்டத்துக்கு முன்னே, அது ஒரு பெண்ணை விலைபேசுவது. பேச்சு வந்தபின் அப்பாவை எதிர்ப்பது கஷ்டம். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, கோபமில்லாமல், ஒரு சாயங்காலம் வீட்டில் சொல்லிவிடுங்கள்: "நகை, பணம், வண்டி எதுவும் கேட்கக் கூடாது. தந்தாலும் வாங்க மாட்டேன்." என் அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தரகரிடம் அதையே அவர் சொன்னார்.

தாள்கள்: இருவரின் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்கள், வயதுச் சான்று (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), ஆதார், புகைப்படம், வேறு சபை என்றால் அந்த ஆயரின் கடிதம். ஓலையை (ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பை) மூன்று ஞாயிறு இரண்டு சபையிலும் வாசிக்க வேண்டும். லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்களில்) பல சபைகளில் திருமணம் நடத்த மாட்டார்கள், மண்டபம் பிடிக்குமுன் ஆயரைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

எங்கள் ஓலை 2024ல் வாசிக்கப்பட்டது. ஆயர் என் பேரைச் சொல்லி, "இந்தச் சபையைச் சேர்ந்த" என்று வாசித்தார். பின்வரிசையில் தலைமையாசிரியர் ஐயா உட்கார்ந்திருந்தார். அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அம்மாட்ட பேசினியா?"